புயலுக்கு மறுநாள் வருபவர்

காற்று ஓய்ந்த காலையில் நினியன் ஹோகார்த் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்தபடி எங்கள் பண்ணை முற்றத்தில் நடக்கிறார். சேதம் விசாரிக்க வந்தவர் போலத் தெரியும். எந்த ஓடு தளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோட்டுகள். இரண்டிலும் செம்மறி நாற்றம். உள்கோட்டின் பை, ஓர் ஓடு நுழையும் அளவுக்குப் பிரித்துத் தைக்கப்பட்டது.

பக்கத்துப் பண்ணைக்காரர். அவரும் என் அப்பாவும் நாற்பது வருடம் ஒருவர் கூரையை ஒருவர் திருடினார்கள். அதற்கு விதிகள் உண்டு: புயலுக்குப் பிறகுதான் எடுக்கலாம், தளர்ந்ததை மட்டும். மனிதர் தூங்கும் வீட்டில் கைவைக்கக் கூடாது. எந்த ஓடு எங்கே போனது என்று இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வது அநாகரிகம்.

பெர்விக்‌ஷயரின் இந்த மூலையில் பழைய ஓடுகள் எல்லாம் கையால் வளைத்தவை. சூளை மூடி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தொழிற்சாலை ஓடு அவற்றோடு பொருந்தி உட்காராது. ஒருமுறை பழங்கட்டடங்களை ஆய்வு செய்பவர் ஒருவர் வந்து, எங்கள் வண்டிக்கொட்டகைக் கூரையில் இரண்டு நிறம் இருப்பதால் அது இரண்டு காலகட்டங்களில் கட்டியது என்றார். நினியன் தொப்பியைக் கழற்றி, "ஆமாங்க, அந்த ரெண்டாவது காலகட்டத்துல காத்து ரொம்ப ஜாஸ்தி" என்றார். அப்பா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று இருமினார்.

எங்களிடம் எண்கோணக் குதிரைக்கூடம் ஒன்று இருக்கிறது. குதிரைகள் உள்ளே வட்டமாக நடந்து, சுவருக்கு அப்பால் இருந்த கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றின. பிறகு நீராவி வந்தது, புகைபோக்கி முளைத்தது. டிராக்டர் வந்தது, புகைபோக்கியில் காக்கை குடியேறியது. ஒவ்வொரு தலைமுறையும் பழையதை இடிக்கச் சோம்பல்பட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்றை ஒட்டவைத்தது. எங்கள் கட்டடக்கலை வரலாறு அவ்வளவுதான்.

"உங்க பூட்டன் இருக்கானே, குதிரைக்கு எட்டுப் பக்கமும் காத்து வெச்சான். பொண்டாட்டிக்கு ஒத்த ஜன்னல், அதுவும் சாணிக்குழியப் பாத்து" என்பார் நினியன்.

அப்பா செப்டம்பரில் இறந்தார். சவப்பெட்டியை இறக்கும் கயிறுகளில் ஒன்று நினியன் கையில் இருந்தது. "கனக்குறான். பையில ஓடு இருக்கும்" என்றார்.

அக்டோபர் புயல் குதிரைக்கூடக் கூரையின் வடமேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டது. உள்ளே, அப்பா தன் கடைசிக் கோடையில் ஒட்டுப்போட்ட கைமரங்கள். நான் பாலங்களுக்குச் சுமை கணக்கிடுபவள். நனைந்த மரம் ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு என்ன தாங்கும் என்று தெரியும். தார்ப்பாய் கட்டினேன், பறந்தது.

மறுநாள் நினியன் வந்தார். காலடியில் முழு ஓடு ஒன்று கிடந்தது. அதைத் தாண்டி நடந்தார். குனியவில்லை.

"உங்க ஓடு கொஞ்சம் தருவீங்களா, நினியன்? விலை என்னன்னாலும் சரி."

அவர் முகம் சிவந்தது. "நான் என்ன ஓட்டுக்கடையா வெச்சிருக்கேன்? உங்கப்பன் ஒரு தடவ வாயத் தொறந்து கேட்டிருப்பானா? மானஸ்தன்."

போய்விட்டார்.

வியாழக்கிழமை எல்லைச் சுவருக்கு அப்பால் நின்று, வானத்திடம் பேசினார். "எங்க பன்னிக்கொட்டில்ல ஓடு தளந்து கெடக்கு. நாளைக்குக் காலைல கெல்சோ சந்தைக்குப் போறேன். நாயும் வருது."

"எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"உங்கிட்ட யாரு சொன்னா?"

வெள்ளிக்கிழமை டிரெய்லரோடு போனேன். பன்றிக்கொட்டில் கூரையின் ஒரு பக்கம் முழுவதும் தளர்ந்திருந்தது. அதாவது, ஓடுகள் இறக்கப்பட்டு, இடையிடையே வைக்கோல் வைத்து, சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. பாதி எங்களுடையவை, அப்பா பூசிய சுண்ணாம்பு விளிம்பில் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசி ஓட்டை வைத்துவிட்டு டிரெய்லர் மேல் நிமிர்ந்தபோது, கற்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி தெரிந்தது. நினியன் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். குரைத்துவிடாதபடி, நாயின் வாயை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.