‘ஏலா’ என்று சொல்லும் போன்கள்

வலது காதுத் தோட்டைக் கழற்றி, அதன் தண்டைப் போனின் விளிம்பிலிருந்த ஊசித்துளைக்குள் விட்டு ஓர் அழுத்து. தட்டு நாக்கை நீட்டியது. அதிலிருந்த மெமரி கார்டை எடுத்து, தலையில் போட்டிருந்த ஷோலின் ஓரத்தில் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, மறுபடி உள்ளே தள்ளிவிட்டுத் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டன அபீபாவின் கைகள். பிறகு ஒரு விரல், செயலியை நிறுவும் இடத்தைத் திரையில் தொட்டது.

“இப்ப செல்லு. என்னத்துக்கு ஏலா?”

கேள்வி போனுக்கு. போன் யோசித்தது. யோசித்துவிட்டு, முடியாது, செயலி நிறுவப்படவில்லை என்று ஒரே வரியில் சொல்லி வாயை மூடிக்கொண்டது.

“பாத்தீங்களா? ஏலா எண்டு மட்டும் செல்லும். ஏன் ஏலா எண்டு கேட்டா மூஞ்சத் திருப்பிக்கொள்ளும். எங்கட மாமியும் இப்பிடித்தான்,” என்றாள் போனுக்குரியவளிடம்.

தொங்கிய திரைச்சீலைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. அபீபாவின் மாமி, கத்தரிக்கோல் பிடித்திருந்த அவள் கணவரின் உம்மா.

கெலிஓயா பஜாரில் ஷப்ராஸ் நடத்துவது திரைச்சீலைக் கடை. அதன் பின்பக்கத்தில் அவர் மனைவி அபீபா நடத்துவதற்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு மேசை, சில பிளாஸ்டிக் கதிரைகள், மகள் பாவித்துக் கழித்த மடிக்கணினி. விற்பனைக்குத் தொங்கும் சீலைகள்தான் சுவர். அதனால் சுவர் அடிக்கடி விற்றுப்போகும். காலையில் ரோஜாப்பூச் சுவருக்குப் பின்னால் வேலையைத் தொடங்குகிறவள், பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னால் சாம்பல் கோடு போட்ட சுவருக்கு மாறியிருப்பாள். நல்ல நீலமாக இருக்கிறதே என்று ஒரு சீலையை விலக்கியவர்கள், அங்கே ஒரு பெண் போனைத் திட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, மன்னிப்புக் கேட்டுப் பழுப்பு நிறத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பஜாரில் போன் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் குடும்பப் படமும் கல்யாண வீட்டுப் படமும் நிறைந்த போனைத் திறந்து ஓர் அந்நிய ஆணின் கையில் கொடுக்கப் பலருக்கு மனம் வராது. அபீபாவின் சட்டம் கடுமையானது. கடவுச்சொல்லை உரியவளே அடிக்க வேண்டும். அடிக்கும்போது அபீபா முதுகைக் காட்டி நின்று, விரல் தட்டும் சத்தம்கூடக் காதில் விழாதபடி உரத்து ஸலவாத்து ஓதுவாள். ஒருத்தி கடவுச்சொல்லை மறந்துவிட்டு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபீபா ஓதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் திரும்பி, “போன் தொறக்காட்டியும் பரவல்ல, எனக்கு சுவர்க்கம் தொறந்திருக்கும்” என்றாள்.

போன் சொல்லும் முதல் காரணத்தை அவள் நம்புவதே இல்லை. “மொதப் பேச்சு பொய்ப் பேச்சு” என்பாள். கோப்பு கெட்டுவிட்டது என்று போன் சொன்னால், கோப்பு கெட்டிருக்காது. வட்ஸ்அப்பில் பாதி வழி வந்து களைத்து நிற்கும். நம்பத்தகாத செயலி என்று போன் பதறினால், அநேகமாக அந்தப் போனின் தேதிதான் நம்பத்தகாதது. கேக் அலங்காரம் பழக்கும் செயலியின் இலவச நாட்கள் முடிந்துவிடக் கூடாதென்று, போனின் தேதியையே போன வருஷத்துக்குத் தள்ளி வைத்திருந்தாள் ஒரு புதுப்பெண்.

“ஓசியில கேக் அடிக்கப் போய், போன் போன வருஷத்துல நிக்கிது. இந்த ஆப் இன்னம் பொறக்கவே இல்ல. பொறக்காத புள்ளைய எப்பிடிப் பள்ளிக்கூடத்துல சேக்கிற?”

ஜஹானா என்ற பக்கத்து வீட்டுக்காரிக்குக் கணவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போன், ஊர்ப் பள்ளிவாசலில் அந்தி மஃரிப் பாங்கு சொல்லி, ஊரே தொழுது, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, அலுமாரிக்குள்ளிருந்து தனியாக மஃரிப் சொல்லும். தொழுகை நேரச் செயலியை எத்தனை தரம் அழித்துப் போட்டும் சரிவரவில்லை. அபீபா செயலியைத் தொடவே இல்லை. “இந்தப் போன் இன்னம் கட்டார்லதான் ஈக்கி. ஒங்கட மாப்புள வந்துட்டாரு, போன் வரல” என்று சொல்லி, அமைப்புகளுக்குள் போய்ப் போனை இலங்கைக்குக் கூட்டிவந்தாள்.

இந்தக் கல்வியெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், சீலைக்கு அப்பால் கையைக் காட்டுவாள். ஷப்ராஸின் போன்களில்தான் படித்தாள். படித்து முடித்தபோது அந்தப் போன்கள் எதிலும் உயிர் இல்லை. இப்போது அவர் பொத்தான் வைத்த சின்னப் போனோடு நிம்மதியாக இருக்கிறார். அதை மேசைப் பக்கம் கொண்டுவருவதில்லை.

டொரதி முதலில் வந்தது ஜன்னல் சீலைக்குத்தான். நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போகிறவர், வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீலையை விலக்கி, அபீபாவைக் கண்டு, சீலையை மறந்தார். அடுத்த சனிக்கிழமை கணவர் சுவக்கினை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். சுவக்கினின் சட்டைப் பையில் இரண்டு போன்கள் இருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை.

“தங்கச்சி, இவருக்கு ஒரு வாரமா சோறு எறங்கல. கோயில்ல ஒரு பொம்பளையால வந்த வென.”

“டொரதி!” என்றார் சுவக்கின்.

“போனுக்குள்ள இருக்குற பொம்பளதான். நெஜப் பொம்பளைன்னா நானே பாத்துக்க மாட்டேனா?”

சுவக்கின் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் ஆர்கன் வாசிப்பார். தாளத்துக்கு ஆள் இல்லை, போன்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஏற்ற தாளத்தைப் பழைய செயலி ஒன்றில் தானே விரலால் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்திருந்தார். போனிலிருந்து ஒரு வயர், கோயிலின் பெரிய ஸ்பீக்கருக்கு. பழைய போனின் கண்ணாடி உடைந்ததும், மகன் கிஷான் வெளிநாட்டிலிருந்து புதியது அனுப்பினான். புதிய போன் பழைய செயலியை ஏற்க மறுத்தது. ஊர் பஜாரில் ஒருவன், “அதே பேர்ல புதுசு ஒன்னு இருக்கு அங்கிள்” என்று இணையத்தில் எங்கிருந்தோ எடுத்துப் போட்டுக் கொடுத்தான். பேர் என்னவோ அதேதான்.

போன ஞாயிறு பூசையில், சனம் நற்கருணை வாங்க வரிசையில் நின்றது. பாட்டின் இரண்டாம் சரணம் முடிந்த இடத்தில் தாளம் நின்று, பெரிய ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கொஞ்சியது: “இன்னும் ஏன் காத்திருக்கீங்க? இப்பவே பந்தயம் கட்டுங்க, அள்ளிட்டுப் போங்க!” வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் ஆமென் என்றாராம்.

“ஃபாதர் என்ன செல்லினார்?” என்றாள் அபீபா. சிரிப்பை அடக்க ஷோலின் ஓரம் வாய்க்குள் போயிருந்தது.

அதற்குச் சுவக்கினே பதில் சொன்னார். “நாளைக்கும் அந்தப் பொம்பள வந்தா நான் கீழ பெஞ்சில இருக்கணுமாம். கிட்டார் பொடியன்கள் வாசிப்பாங்களாம். அவனுங்களுக்கு கிட்டார்ல மூனு கோட்ஸ் புடிக்கத்தான் தெரியும் தங்கச்சி. எல்லாப் பாட்டுக்கும் அதே மூனு.”

அபீபா கையை நீட்டினாள். இரண்டு போன்களும் மேசைக்கு வந்தன.

முதல் வேலையாகப் போலிச் செயலியை அழித்தாள். “ஆளே வேற. பேர மட்டும் களவெடுத்துக்கொண்டு வந்து மாப்புள வீட்டுல குந்திக்கொண்டிருக்கிறா.” இரண்டாவது, இணையத்தில் தேடவே இல்லை. செயலி பழைய போனுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. அதன் நிறுவல் கோப்பை அங்கிருந்தே உருவி எடுத்துப் புதிய போனுக்கு அனுப்பினாள். “மருந்து வீட்டுலயே ஈக்கி. என்னத்துக்கு ரோட்டுல வாங்கித் தின்னுற? அஞ்சு நிமிஷ வேல.”

புதிய போன் ஏலா என்றது. ஆச்சரியம், காரணமும் சொன்னது: இந்தச் செயலி ஆண்ட்ராய்டின் மிகப் பழைய பதிப்புக்காகச் செய்யப்பட்டது.

“அட, இது உண்மை பேசுது!” அபீபா மடிக்கணினியைத் திறந்தாள்.

கதவு சாத்தியிருந்தால் போனின் முகப்பைத் தட்டிப் பயனில்லை; கணினியிலிருந்து வயர் வழியாகப் பின்கதவால் போக வேண்டும் என்பது அவள் கண்ட வழி. திரைச்சீலைக் கம்பி ஒன்றில் வளையம் வளையமாக வயர்கள் தொங்கின. ஒன்றை இழுத்துச் செருகினாள். போன் மின்னேறத் தொடங்கியது. கணினி போனைக் கண்டுகொள்ளவில்லை. “இது சோறு மட்டும் போடும், பேசாது.” அடுத்தது. அதுவும் ஊமை. மூன்றாவது பேசியது.

கறுப்புத் திரையில் ஒரு நீண்ட வரியை எழுத்தெழுத்தாக அடித்தாள். ஒரு விசையின் மூடி கழன்றிருந்ததால் அந்த எழுத்து வரும்போதெல்லாம் தீக்குச்சியின் பின்பக்கத்தால் குத்தினாள். வரியின் நடுவில், பழையது என்பதற்காக மறிக்காதே என்று போனுக்கு ஒரு கட்டளை உண்டு. அடித்து முடித்து, வாய்க்குள் திருப்பி வாசித்து, ஒரு கோட்டைத் திருத்தி, மறுபடி வாசித்தாள்.

“முடிஞ்சுதா?” என்றார் டொரதி.

“பேசாதீங்க டொரதிக்கா. ஒரு கோடு கொறஞ்சாலும் மூஞ்சக் காட்டும்.”

தட்டினாள். செயலி போய் உட்கார்ந்தது. டொரதி சிலுவை போட்டுக்கொண்டார். சுவக்கின் எட்டிப் பார்த்தார். செயலி திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அவர் தட்டிச் சேர்த்த தாளங்களில் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலைச் சாமான்போல வெறுமையாக, பளபளவென்று இருந்தது.

“போச்சு,” என்றார் சுவக்கின். எழுந்தே விட்டார். “வா டொரதி. நான் பெஞ்சிலயே இருக்கேன். பெஞ்சு நல்ல பெஞ்சுதான்.”

“குந்துங்க அண்ணே! வீடு வந்தாச்சு, சாமான் இன்னம் பழைய வீட்டுல. வேன் புடிக்காம வருமா?”

வயர் பழைய போனுக்கு மாறியது. கோப்புகளை அனுப்ப அனுமதிக்கவா என்று அது கேட்டது. கேள்வி மேலே, பதில் கீழே. கீழேதான் கண்ணாடி நொறுங்கி, ஒரு பட்டை அகலத்துக்குத் தொடுஉணர்வே செத்துக் கிடந்தது. அபீபா விரலால் தொட்டாள், நகத்தால் தொட்டாள், ஊதிவிட்டுத் தொட்டாள். சுவக்கின் தானும் ஒருமுறை அழுத்தினார், தொழிற்சாலை மெயின் சுவிச்சை அழுத்துகிறவரின் பலத்தோடு. கண்ணாடியில் ஒரு துண்டு உதிர்ந்தது.

“அல்லாஹ்வுக்காக கையை எடுங்க! இது சிங்கர் தையல் மெசின் இல்ல.”

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எடுத்து, பக்கவாட்டில் சாய்த்தாள். படம் அசையவில்லை. மேலிருந்து வழித்து, சுழலும் அனுமதியைத் திறந்துவிட்டு மறுபடி சாய்த்தாள். திரை சோம்பல் முறித்து நீளப்பாட்டில் படுத்தது. பதில், செத்த பட்டையை விட்டு நல்ல கண்ணாடிக்கு வந்து நின்றது. அபீபா தொட்டாள். அனுமதி கிடைத்தது.

தாளங்கள் இடம்பெயரத் தொடங்கின. ஒவ்வொன்றும் சுவக்கின் வைத்த பெயரோடு கணினித் திரையில் ஓடியது. காணிக்கை ஒன்று. காணிக்கை இரண்டு. மாதா பாட்டு, மெதுவாக. மாதா பாட்டு, மழை நாள். கடைசியில் ஒன்று: நற்கருணை, பைலா.

“கலியாண வீட்டுல ஆடுற பைலாவா?” என்றாள் அபீபா.

“வேகத்தக் கொறச்சா யாருக்கும் தெரியாது,” என்றார் சுவக்கின் தரையைப் பார்த்து.

“எனக்குத் தெரியும்!” என்றார் டொரதி. “கையக் கூப்பிக்கிட்டு நடக்கையில இடுப்பு தானா அசையுது. இத்தன வருசமா நான்தான் பாவம் பண்றேன்னு பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிட்டு இருக்கேன்!”

தாளங்களெல்லாம் கணினியிலிருந்து புது வீட்டுக்கு வந்ததும், புதிய போனை மேசையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் செருகி, அந்த நற்கருணைத் தாளத்தையே ஓடவிட்டாள் அபீபா. சுவக்கினின் விரல்கள் மேசை விளிம்பில் இல்லாத கட்டைகளை அழுத்தின. வாய்க்குள் பாட்டு. முதல் சரணம். இரண்டாம் சரணம். அது முடியும் இடத்தில் அவர் விரல்கள் நின்றுவிட்டன. தாளம் மட்டும் தன்பாட்டில் நடந்து, மூன்றாம் சரணத்துக்குள் போனது. எவளும் வரவில்லை.

“ஆரு அங்க கலியாணம் எடுக்கிற?” என்று முன்பக்கத்திலிருந்து ஷப்ராஸ் கத்தினார். சீலை வாங்க வந்த யாரோ சிரித்தார்கள்.

அபீபா வயரைக் கழற்றினாள். திரையின் விரல் ரேகைகளைத் துடைத்தாள். பிறகு போனை நீட்டினாள். சுவக்கின் பிடித்துக்கொண்டார். அவள் விடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் போன் ஒரு கேள்வி கேட்டிருந்தது: இந்தச் செயலி பழையது, பாதுகாப்பற்றதாக இருக்கலாம், நீக்கவா?

“இது ஒவ்வொரு நாளும் கேக்கும். நல்லவ மாதிரிக் கேக்கும். என்ன செல்லுவீங்க?”

“வேணாம்னு.”

“அமத்துங்க பாப்பம்.”

சுவக்கின் விரலைச் சட்டையில் துடைத்தார். டொரதியைப் பார்த்தார். டொரதி கூரையைப் பார்த்தார்.

“ஃபாதரே வந்து நீக்கச் சொன்னா, தங்கச்சி?”

“ஃபாதர் செல்லினாலும்.”

அவர் ‘வைத்திரு’ என்பதை அழுத்தினார், இம்முறை மெதுவாக. கேள்வி மறைந்தது. அபீபா திரையைத் தன் பக்கம் சாய்த்து அது உண்மையிலேயே மறைந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகுதான் ஒவ்வொரு விரலாகப் போனை விட்டாள்.