ஆளுக்கு மூன்று தட்டு

பேய் என்றால் நள்ளிரவு, மழை, கரண்ட் கட் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். இது நடந்தது பட்டப்பகல் மூன்றரை மணி வாக்கில். கூரை போட்ட நீச்சல் குளத்தில். அத்தனை டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. என்னைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் கதை கட்டுகிறவள் இல்லை. பிள்ளைகளுக்குப் படகு விடக் கற்றுக்கொடுக்கும் கோச். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று பென்சிலால் எழுதி வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. அன்று எழுதிய தாள் இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. சந்தேகப்பட்ட மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் மூவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். நான்கு நாள் ஆற்றுப் பயணம். துடுப்புப் போட்டு ஓட்டும் ஆறு கனூ படகுகள், படகுக்கு இரண்டு பிள்ளைகள். வழியில் மூன்று இடங்களில் தண்ணீர் பாறைகளுக்குள் புகுந்து நுரை கக்கிக்கொண்டு இறங்கும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் அண்ணன் மகள். பதிமூன்று வயது. தண்ணீரைக் கண்டால் வெளியே வரமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் தவளை.

அண்ணியைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், வாசல் கதவோரம் மலை மாதிரி ஒரு பை.

"என்ன அண்ணி, ஆத்துக்கு அனுப்பறீங்களா, வீடு மாத்தறீங்களா?"

"சிரிக்காதே. ஈரத் துணியோட கெடந்தா அவளுக்கு இருமல் வரும்."

"ஆறுன்னா ஈரமாத்தான் அண்ணி இருக்கும்."

தவளை ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து மூன்றாவது ஸ்வெட்டரைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டிருந்தாள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் கையில் ஓர் அடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"உன்னை நம்பித்தான் அனுப்பறேன். வர்றப்ப பை வரலைன்னாக்கூடப் பரவால்ல."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

எங்கள் ஆறு படகுகளில் ஒன்று போன வாரம்தான் அடியில் விரிசல் விட்டிருந்தது. அவசரத்துக்கு ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் நீல நிறப் படகு ஒன்று கிடைத்தது. உறுதியான படகு. உட்பக்கம், நடுவில் மட்டும் இரண்டு இடங்களில் பெயிண்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கைமுட்டி அளவு. சாமான் உரசியிருக்கும் என்று நினைத்தேன். ஏற்கெனவே ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கருக்கு மேலேயே 4 என்று எண் ஒட்டி, குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே எங்கள் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படகு கவிழ்ந்தால் பிள்ளைகள் பதறக் கூடாது. வாளியைத் தலைகீழாகத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமே, கவிழ்ந்த கனூவும் அப்படித்தான். உள்ளே தலையை நீட்டி மூச்சு விடலாம். பேசலாம். பாட்டுக்கூடப் பாடலாம். அதைப் பழக்குவதற்காக, கவிழ்த்த படகுக்குள் இரண்டு பேரையும் போகச் சொல்லுவேன். வெளியிலிருந்து நான் இரண்டு முறை தட்டுவேன். 'நல்லா இருக்கீங்களா?' என்று அர்த்தம். உள்ளிருந்து ஆளுக்கு மூன்று தட்டு. முதலில் ஒருவர், அப்புறம் அடுத்தவர்.

மொத்தம் ஆறு தட்டு வந்தால் எல்லாம் சரி. தாளில் எழுதிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விடுவேன்.

தலையை எண்ணுவதில்லை. தட்டலைத்தான் எண்ணுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார்.

மணி 3.18. முதல் சுற்று. நான்காம் படகுக்குள் இரண்டு பையன்கள். எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவதால் எல்லோரும் நெட்டை, குட்டை என்று கூப்பிடுவார்கள். இரண்டு முறை தட்டினேன்.

டொக் டொக் டொக்.

சின்ன இடைவெளி.

டொக் டொக் டொக்.

ஆறு என்று எழுதப் பென்சிலை வைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

ஒன்பது!

"டேய்! யாருடா உள்ள விளையாடறது?" என்று கத்திக்கொண்டே படகின் ஓரத்தைத் தூக்கினேன். இரண்டு ஈரத் தலைகள் திருதிருவென்று விழித்தன.

"நான் மூணுதான் கோச் தட்டினேன்," என்றான் நெட்டை.

"நானும் மூணுதான். இவனாத்தான் இருக்கும் கோச். இவனுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாது, எங்க நிறுத்தறதுன்னு குழம்பியிருப்பான்."

"நாளைக்கு ஆத்துல இந்த வேலை வச்சுக்கிட்டீங்க... கரையில இறக்கி விட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். தெரிஞ்சுதா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மணி 3.36. பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்துக் குளத்து விளிம்பில் உட்கார வைத்தேன். ஆறு படகுகளும் கவிழ்ந்தபடியே மிதந்துகொண்டிருந்தன. குளத்தின் லைஃப்கார்ட் நீளக் கம்பு ஒன்றால் அவற்றை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கம்பு நீலப் படகில் இரண்டு முறை இடித்தது.

டொக் டொக்.

அவர் கை அப்படியே நின்றது.

"மேடம்... உள்ள பிள்ளை யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன்?"

"பதிலுக்குத் தட்டுறாங்களே."

எண்ணினேன். விளிம்பில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பிஸ்கட் வாய்கள். தண்ணீரில் இறங்கி நீலப் படகின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

காலி.

ஆனால் ஒரு வாசனை. க்ளோரின் நெடிக்கு நடுவே குப்பென்று சேற்று வாசனை. பாசி பிடித்த ஆழமான ஆற்றின் வாசனை. அந்தப் படகை அன்று காலையில்தான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன்.

"அலை மோதுற சத்தமா இருக்கும்," என்றேன்.

"இருக்கும் மேடம்," என்றார். ஆனால் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் நாற்காலியைக் குளத்தின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டார்.

அந்த நிமிடமே படகைக் கரையேற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. ஆறு படகு வேண்டும். என் மண்டைக்குள் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மணி 3.50. கடைசிச் சுற்று. ஜோடிகள் படகு மாறின. நான்காம் படகு தவளைக்கும் அவள் தோழிக்கும் வந்தது. தோழிக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் முழங்கை தூரம்கூடத் தெரியாது. பட்டப்பெயர் சோடாபுட்டி.

"அத்தை, உள்ள பாடலாமா?" என்றாள் தவளை.

"தட்டு முதல்ல. கச்சேரி அப்புறம்."

சிரித்துக்கொண்டே முங்கினாள்.

மணி 3.52. இரண்டு முறை தட்டினேன்.

டொக் டொக் டொக்.

இடைவெளி.

டொக் டொக் டொக்.

காத்திருந்தேன். ஒன்பது வரவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். தாளில் எழுதினேன். ஐந்தாம் படகுக்குப் போனேன். தட்டினேன். ஆறு. எழுதினேன். ஆறாம் படகைப் பார்த்துத் திரும்பினேன்.

விளிம்பில் ஒருத்தி உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

சோடாபுட்டி.

"நீ எப்படி இங்க?"

"மூக்குல தண்ணி ஏறிடுச்சு கோச். உள்ள போனதுமே வெளிய வந்துட்டேன்."

"தட்டிட்டுத்தானே வந்தே?"

"இல்ல கோச். நீங்க தட்டறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். நீங்க திரும்பி நின்னுட்டு இருந்தீங்க."

மணி 3.54.

தவளையே இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டியிருப்பாள். குறும்புக்காரி. அவளாகத்தான் இருக்கும்...

"தவளை! வெளிய வா!"

பதில் இல்லை.

படகைத் தட்டவில்லை. பாய்ந்து உள்ளே முங்கினேன்.

உள்ளே நீல இருட்டு.

அதே சேற்று வாசனை. மூச்சு முட்டியது.

தவளை இருந்தாள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டை இருக்கைக் கம்பியில் சிக்கியிருந்தது. முகம் தண்ணீருக்குள். கண்கள் திறந்திருந்தன. ஒரு சாண் மேலே காற்று இருந்தது. அவள் தலை நிமிரவில்லை.

இரண்டு கைகளும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. விரல்கள் வெளுத்திருந்தன. அந்தக் கைகள் எதையும் தட்டியிருக்க முடியாது.

அவள் முகத்தைத் தூக்கினேன். பட்டையை இழுத்தேன். வரவில்லை.

அப்போது கேட்டது.

என் இடது காதுக்கு ஒட்டி.

டொக்... டொக்... டொக்.

நான் அசையவில்லை.

வலது காதுக்கு ஒட்டி.

டொக்... டொக்... டொக்.

அவசரமில்லாமல். ஒழுங்காக. சொல்லிக்கொடுத்த மாதிரியே.

பட்டை அறுந்தது. எப்படி அறுந்தது என்று தெரியாது. அவளை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

லைஃப்கார்ட் ஓடிவந்து அவளைக் கரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார். 3.57க்குத் தவளை இருமினாள்.

அந்த இருமலைவிட நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டிவைத்த பை வீட்டு வாசலோரம் அப்படியே இருந்தது. பயணத்தை ரத்து செய்தோம்.

இரண்டாம் நாள் அண்ணி டீ வாங்கக் கீழே போனபோது தவளை என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, ஒரு படகுக்கு ரெண்டு பேர்தானே?"

"ஆமாம்டா."

"அப்ப ஏன் உள்ள அவ்வளவு நெருக்கமா இருந்துச்சு?"

அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நான் தட்டத்தான் போனேன் அத்தை. கையைப் பிடிச்சுட்டாங்க. 'நீ சும்மா இரு, நாங்க தட்டிக்கறோம்'னு சொன்னாங்க."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து நீலப் படகிலிருந்த என் 4ஐச் சுரண்டினேன். அடியில் பழைய ஸ்டிக்கர். வேறொரு படகு கிளப்பின் போன் நம்பர். கூப்பிட்டேன். எடுத்தவர் அங்கே முன்பு கோச்சாக இருந்தவர். நீலப் படகு என்றதுமே அவர் குரல் இறங்கிவிட்டது.

"அதை ஏம்மா வாங்கினீங்க?"

"என்ன சார் நடந்துச்சு?"

"எங்க பையன் ஒருத்தன் போயிட்டான். இதே பயிற்சியிலதான். நான் தட்டினேன். அவன் தட்டு வந்துச்சு. நல்லாத்தான் இருக்கான்னு அடுத்த படகுக்குப் போயிட்டேன்..." நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. "அன்னிக்கே அதைக் கவுத்துப் போட்டு ஷெட்டைப் பூட்டிட்டேன். மூணு வருஷம் யாரும் தொடலை. போன மாசம்தான் நிர்வாகம் ஷெட்டோட சேத்து வித்துட்டாங்க."

போனை வைக்கப் போனேன். அவரே திரும்ப ஆரம்பித்தார்.

"உள்ள நடுவுல பெயிண்ட் தேஞ்ச இடம் ஒண்ணு இருக்குமே... இப்பவும் இருக்கா?"

"ஒண்ணு இல்ல சார். ரெண்டு."



"இல்லம்மா. நாங்க அதைப் பழசா வாங்கறப்பவே ஒண்ணு இருந்துச்சு. ஷெட்ல வச்சுப் பூட்டறப்பவும் ஒண்ணுதான். என் கையாலதான் தொடச்சுப் பூட்டினேன்."

போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே மின்ரம்பம் வாங்கிவந்து அந்தப் படகை இரண்டாக அறுத்தேன். கவிழ்ந்தபடியே அறுத்தேன். உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தட்டித் தட்டித் தேய்ந்த இடங்கள் இரண்டுதானா என்று எண்ணும் தைரியம் எனக்கு இல்லை.

முதல் சுற்றில் நான் ஒன்பதோடு கத்திவிட்டேன். கத்தாமல் காத்திருந்தால் இன்னொருவரின் மூன்றும் வந்திருக்குமோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் பயிற்சியில் தட்டல் கிடையாது. முங்கி உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

அந்தத் தாளை மட்டும் கிழித்துப்போட மனம் வரவில்லை. தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டிருக்கிறது. எழுத்து கலையவில்லை. தவளை முகம் தண்ணீருக்குள் கிடந்த அந்த நிமிடத்தில், என் கையால், அழுத்தமான பென்சிலில் நான் எழுதியது இதுதான்.

'மணி 3.52. படகு 4. தட்டல் ஆறு. உள்ளே இருவர். இருவரும் நலம்.'