ஈயத்தாள் கிரீடம்

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குப் பேர் பதிந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அதற்கு முன் கந்தப்பளையில் உருளைக்கிழங்குக்கு மண் வெட்டினேன். நல்லதண்ணியில், பாதம் கும்பிட மலைக்கு ஆள் ஏறும் மாதங்களில், தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவினேன். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் வாசிக்க வரும். சீனி சுற்றி வந்த தாளைக்கூட விட மாட்டேன். அந்த வாசிப்புதான் என்னைக் கூத்தில் கொண்டுபோய் மாட்டியது.

அந்தத் தோட்டத்தில் வேதக்காரர்கள் இருபது குடும்பம் இருந்தார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட மாதா கோயில். திருநாளுக்கு வருடாவருடம் ஒரு கூத்துப் போடுவார்கள். மாதம் ஒரு முறை பூசைக்கு வரும் சாமியார், அந்த வருடம் பழைய திருச்சபை வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, “இதுல சிலுவைப்போர்க் கதை இருக்கு, அதைப் போடுங்க” என்றார். அந்த நெருக்கமான பழைய எழுத்தை வாசிக்க ஆள் இல்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போகிற என்னைக் கூப்பிட்டார்கள். வாசித்தேன். வசனமாக எழுதியும் கொடுத்தேன்.

கதை இதுதான். தூரதேசத்துப் பிரபு ஒருவர் நெஞ்சில் சிலுவை தைத்துக்கொண்டு, படை திரட்டி, தம்பியையும் கூட்டிக்கொண்டு மூன்று வருடம் போய் ஜெருசலேமைப் பிடிக்கிறார். உள்ளே இருந்த சனங்களை வெட்டியதும் புத்தகத்தில் இருந்தது. சாமியார் அதை எழுத வேண்டாம் என்றார். பிறகு பிரபுக்கள் பிடித்த ஊர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு ஆள்கிறார்கள். தோட்டத்துச் சனமான எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை என்று கிடந்தவர்கள் நாடு பிடிக்கிற கூத்துக்கு ஒத்திகை பார்த்தோம். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பிரபு வேசம் யாருக்கு என்பதுதான் பேச்சு.

எனக்கு அது வேண்டும். எழுதியவன் நான். ஒவ்வொரு வசனத்தையும் என் வாய்க்கு அளந்துதான் எழுதியிருந்தேன்.

ஆனால் அங்கே ராச வேசத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே இடத்தில், ஆள் நின்று ஒரு வசனத்தைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். மேல் லயத்துப் பெண்கள் கேட்டதாகக் கை காட்டினால் வேசம் அவனுக்கு. என் குரல் நடு லயத்தோடு நின்றுவிட்டது. அங்கே நின்ற ஒரு அக்கா, “தம்பி, சாப்பிட்டுட்டு வந்து கத்துப்பா” என்றாள். அடுத்தது ஒரு கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை வெட்டி வெட்டித் தோள் இரண்டும் கதவுபோல இருக்கும். ஒரு எழுத்துத் தெரியாது. அவன் வாயைத் திறந்ததும் மேல் லயத்தில் எல்லாக் கையும் மேலே போயின.

எனக்குத் தம்பி வேசம் கிடைத்தது.

அது போதாதென்று அவனுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. வேலை விட்டு வந்து அவன் காம்பிராவில், லயத்து ஒற்றை அறையில், உட்காருவோம். நான் வாசிப்பேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். இரண்டு தரம் கேட்டால் பிடித்துக்கொள்வான். என் வசனம் அவன் வாயில் என்னிடம் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பெண்சாதி சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்து, “அண்ணே, இவருக்கு நல்லா வருதுங்களா?” என்பாள். “வருது, வருது” என்பேன்.

உடுப்பெல்லாம் நாங்களே செய்தோம். பெண்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் சிவப்புத் துணிச் சிலுவை தைத்து மேலங்கி. தேயிலைப் பெட்டிப் பலகையில் கேடயம். பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளில் கவசமும் கிரீடமும். கிரீடத்தை வெட்டி ஒட்டியது நான். அளவு பார்க்க என் தலையில்தான் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவன் தலைக்கு இரண்டு விரல் கூட்ட வேண்டியிருந்தது.

பொறாமை எனக்கு ஒரு வழி காட்டியது. ஜெயித்த பிரபு கிரீடம் சூட மறுத்தார் என்று புத்தகத்தில் இருந்தது. ஆண்டவர் முள்முடி தரித்த ஊரில் நான் பொன்முடி தரிக்க மாட்டேன் என்றாராம். அதை ஒரு கட்டமாகவே எழுதி, அவனுக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டினேன்.

“இது என்னாடா மச்சான்? ராசாவா இருந்து கிரீடத்தைக் கழட்டணுமா?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“புத்தகத்துல இருக்கட்டும். சனம் கிரீடத்தைப் பாக்கத்தான் வருது. என் தலை காலியா இருந்தா நீ சந்தோசமாயிருவ, இல்ல?” என்று சிரித்தான்.

எனக்கு முகம் சுட்டது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம்.

திருநாள் அன்று பின்னேரம், பனி இறங்குமுன் கூத்து. பெரட்டுக்களத்தில் தோட்டத் துரை காலையில் நிற்கிற படிக்கட்டின் மேல் நாற்காலி போட்டு, அதுதான் சிங்காசனம். ஜெருசலேம் விழுந்தது. கவ்வாத்துக்காரன் கிரீடத்தோடு ஏறி உட்கார்ந்து, நாடு பிரிக்கத் தொடங்கினான். “தம்பி, வடக்கே உள்ள பட்டணம் உனக்கு!” மேல் லயம் வரை கேட்டிருக்கும். படிக்குக் கீழே, பக்கத்தில், ஈயத்தாள் தொப்பியோடு நான். இவன் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், தடுமாற மாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது துரை வந்தார். சாமியார் அழைத்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் களத்துக்குள் நடந்து வந்தார்கள்.

தோட்டத்தில் துரையைக் கண்டால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், மேட்டில் நின்றால் கீழே இறங்க வேண்டும். யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் தானாகச் செய்யும். ஜெருசலேமைப் பிடித்த பிரபு சிங்காசனத்தை விட்டு எழுந்தான். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். மூன்று படியும் இறங்கி ஓரமாக நின்றான்.

கங்காணி பல்லைக் கடித்து, “டேய், கூத்துடா இது! ஏறுடா மேல!” என்றார். அவன் ஏறவில்லை. துரையின் முன்னால் எப்படி ஏறி உட்காருவது? அவன் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தது.

எனக்குத் தெரியும், அவனைக் காப்பாற்ற ஒரு வசனம் இருந்தது. அது என் நாக்கில் நின்றது. இரண்டு அடி தள்ளி நின்றேன். காதோடு சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அவன் பெண்சாதி கூட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அவன் ஒரு மூச்சு எடுத்தான். பிறகு அந்தக் குரலில், “ஆண்டவர் முள்முடி தரித்த ஊரிலே அடியேன் பொன்முடி தரிக்க மாட்டேன்!” என்று சொல்லி, கீழே நின்றபடியே எட்டி, கிரீடத்தைக் காலியான சிங்காசனத்தின் மேல் வைத்தான். ஒரே ஒரு தரம் கேட்ட வசனம். ஒரு சொல் பிசகவில்லை.

சாமியார் கை தட்டினார். துரையிடம் குனிந்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரையும் தட்டினார். “நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்” என்றார். மேல் லயத்திலிருந்து குலவை வந்தது. என் உடம்பெல்லாம் எரிந்தது. இவனைப்போல நான் எழுந்திருக்க மாட்டேன், துரையாவது மயிராவது என்று உட்கார்ந்தே இருந்திருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு கையைப் பார்த்தால், என் தொப்பி என் கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் தேயிலை மலையில், வேலை நேரத்தில், அவன் என்னைத் தேடி வந்தான். நான் வாய் திறக்காமல் நின்றதை அவன் கவனித்திருந்தானா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“அந்தப் பிரபுக்கு அப்புறம் என்னாச்சு மச்சான்?”

புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. நான் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

“ஒரு வருசத்துல செத்துட்டாரு. தம்பி ராசாவாகிக் கிரீடம் போட்டுக்கிட்டான்.”

அவன் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப அடுத்த வருசம் நீதான்டா. நான் செத்துக் கிடக்கேன், நீ ஏறி உக்காரு. குரலு பத்தலேன்னா நான் கீழ இருந்து கத்துறேன்.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு நாளில் கிரீடத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பெண்சாதி பழைய துணியில் சுற்றியிருந்தாள். ஆள் இல்லாத நேரத்தில் தலையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் பெரிது. கண் வரை இறங்கியது.

மார்கழியில் நல்லதண்ணிக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பேரை வெட்டிக்கொண்டு கிளம்பினேன். கிரீடத்தை அவன் காம்பிரா வாசலில் வைத்தேன். அவன் மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வைத்தேன்.