நூற்றைம்பதாவது இடம்

நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துவிட்டு டாக்டரம்மா எதிர்ச்சுவரைப் பார்க்கிறார். சுவரில் வட்டமான ஒரு கடிகாரம். அதன் சிவப்பு வினாடி முள் ஏழைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அது பன்னிரண்டுக்கு வந்து சேரும்வரை அவர் எண்ணத் தொடங்க மாட்டார். நடுவில் தொடங்கினால் எங்கே முடிப்பது என்பது மறந்துவிடுமாம். முள் பன்னிரண்டைத் தொட்டதும் உதடுகள் லேசாக அசையும். இருமலென்று வந்தவர் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கால் ஆணிக்காக வந்தவர், காலைப் பார்க்காமல் கையை ஏன் பிடித்திருக்கிறார் என்று விழிப்பார். யாராக இருந்தாலும் முழுதாக ஒரு நிமிடம்தான்.

பக்கத்து அறைகளில் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கி எழுதிவிடுவார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் விரலைக் கவ்விக்கொள்ளும் சின்னக் கருவியை மாட்டிவிடுவார்கள். அந்தக் கருவி ஒன்று டாக்டரம்மாவின் இழுப்பறையிலும் இருக்கிறது. “அது எத்தனைன்னு சொல்லும். எப்படி அடிக்குதுன்னு சொல்லாது” என்பார். பிறகு கொஞ்சம் சலிப்போடு, “எனக்கு நாலாம் வாய்ப்பாட்டு மேல அவ்வளவு நம்பிக்கை இல்லைங்க” என்றும் சேர்த்துக்கொள்வார். கேட்பவர்கள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்பார்கள். அது நகைச்சுவை இல்லை.

வயது ஐம்பத்து மூன்று. காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். பதினோரு மணிக்கெல்லாம் பாதம் வீங்கி, ஒரு மணிக்கு எழுந்திருக்கும்போது அந்தச் செருப்பு வேறு யாருடையதோ போல இறுக்கும். பேனாக்கள் காணாமல் போய்ப்போய், இப்போது ஒரு பேனாவை மேசைக்காலோடு நூல்போட்டுக் கட்டியிருக்கிறார். வரிசையை ஒழுங்குபடுத்தும் மூத்த நர்ஸ், இவருடைய அறைக்கு டோக்கன் கொடுக்கும்போதே, “அம்மாகிட்ட போறீங்களா, மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிட்டு வந்தீங்களா” என்று கேட்டுவிடுவார். ஆனால் அந்த நர்ஸ் தன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தபோது இந்த வரிசையில்தான் நிறுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவ நுழைவுத் தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில், டாக்டரம்மாவின் வீட்டுக்கு விருந்தாளிகள் கூடிவிடுவார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். குறைவாக வாங்கியவர்கள்தான் மகளையோ மகனையோ இழுத்துக்கொண்டு வருவார்கள். தெருவுக்கே தெரிந்த கதை அது: இவர் அந்தக் காலத்தில் எடுத்த மதிப்பெண்ணுக்கு ஒருவரும் சீட்டு கொடுக்க மாட்டார்கள், எப்படியோ கிடைத்துவிட்டது. “உங்களுக்கே கிடைச்சிருக்கு, என் பொண்ணுக்குக் கிடைக்காதா” என்பார்கள். ஆறுதல் தேடி வந்து ஊசி குத்திவிட்டுப் போவதை அவர்கள் அறிய மாட்டார்கள். டாக்டரம்மா தேநீர் கொடுப்பார், கிடைக்கும் என்பார். முப்பத்தைந்து வருடமாகக் கேட்கும் வாக்கியத்துக்கு இதற்குமேல் என்ன பதில் சொல்ல முடியும்?

யாராவது நல்ல மனதோடு, தேர்வு அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார். “காய்ச்சலெல்லாம் இல்லைங்க. நல்லாத் தூங்கிட்டுத்தான் போனேன். படிச்சேன், வரலை. அவ்வளவுதான்.” உயிரியல் கைகொடுத்தது. இயற்பியல் கைவிட்டது. கணக்கு வரும் கேள்விகளில் மற்றவர்கள் மூன்று போட்டு முடிக்கும் நேரத்தில் இவர் ஒன்றைப் போட்டு, அதையே இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தபோது இருபத்தாறு கேள்விகள் தொடப்படாமல் கிடந்தன.

இடம் கிடைத்தது கடைசிச் சுற்றின் கடைசி மாலையில். காத்திருப்புப் பட்டியலில் இவருக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். மத்தியானத்துக்குள் பாதிப் பேர், சாயங்காலத்துக்குள் மீதிப் பேர் நம்பிக்கை இழந்து எழுந்து போய்விட்டார்கள். அம்மா மட்டும் இவருடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. எழுந்து போகும் நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பது அவள் பயம். சாயங்காலம், யாரோ ஒரு பையன் வேறு ஊருக்குப் போவதாக எழுதிக்கொடுத்துவிட, ஓர் இடம் காலியானது. வரிசையாகப் பெயர்களை வாசித்தார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று போய், இவருடைய பெயருக்கு மட்டும் ஆள் இருந்தது. கையெழுத்து வாங்கிய அதிகாரி மதிப்பெண்ணைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் மதிப்பெண்ணைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வையை இவர் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் மதிப்பெண் வரிசைப்படிதான் வகுப்பு எண். முதல் மதிப்பெண்காரி ஒன்று. இவர் நூற்றைம்பது. செய்முறை வகுப்புக்கு ஜோடி பிரித்த பேராசிரியர், முதலும் கடைசியும் சேர்ந்தால் சராசரி வந்துவிடும் என்று சொல்லி இருவரையும் ஒரே மேசையில் போட்டார். வகுப்பு சிரித்தது. அந்த இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் நாடி எண்ணப் பழகினார்கள். ஒன்று, கால் நிமிடத்தில் எண்ணிப் பெருக்கி எழுதிவிட்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு நூற்றைம்பது, அறுபது வினாடியும் எண்ணி முடிக்கும்வரை அந்த ஒன்று கையை நீட்டியபடியே இருப்பாள், பாவம்.

அந்த ஒன்றுதான் இன்று இந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர். எல்லோர் முன்னாலும் இருவரும் ஒருவரை ஒருவர் மேடம் என்பார்கள். கதவு சாத்தியிருந்தால் பழைய எண்கள் வெளியே வரும்.

போன திங்கட்கிழமை கதவு சாத்தியிருந்தது. தலைமை மருத்துவர் ஒரு தாளை முன்னால் தள்ளினார். மற்ற அறைகளில் ஒரு காலைக்கு நூற்றுப்பத்து, நூற்றிருபது பேர். டாக்டரம்மா அறையில் எழுபது. முந்தின வாரம் அந்த வரிசையில் நின்ற ஒரு பெரியவர் மயங்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டிருந்தார். அந்த நெற்றிக்குத் தையல் போட்டதே டாக்டரம்மாதான்.

“ஆளுக்கு முக்கால் நிமிஷம் அதிகம், எழுபது பேர். ஐம்பத்திரண்டரை நிமிஷம் போகுது, நூத்தம்பது” என்றார் தலைமை மருத்துவர். யோசிக்காமல் வந்தது கணக்கு. “அதுல இன்னும் எத்தனை பேரைப் பாக்கலாம்? இந்த வாரம் தினமும் நூறு பேராவது பாரு. இல்லைன்னா அடுத்த திங்கள்லேர்ந்து உன்னைச் சான்றிதழ் ரூம்ல போடறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை.”

சான்றிதழ் அறை என்பது, வேலைக்குச் சேரத் தகுதியானவர், ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் சரியாக இருக்கிறது என்றெல்லாம் கையெழுத்துப் போடும் இடம். அங்கே நோயாளி என்று யாரும் வர மாட்டார்கள். கால் வீங்காது. ஒரு மணிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கேட்பவர்களுக்கு இது தண்டனை மாதிரியே தோன்றாது. ஆனால் டாக்டரம்மாவுக்கு, நோயாளிகளைப் பார்க்கும் இந்த அறையும் இந்த நாற்காலியும்தான் அந்த அதிகாரியின் மூன்றாவது பார்வைக்கு அவர் தினமும் சொல்லிவரும் பதில். அதைப் பிடுங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னால், அன்றைக்குத் தப்பாக உள்ளே விட்டுவிட்டோம், இப்போது ஓரமாக உட்கார் என்பதுபோலத்தான் அவருக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை முயன்று பார்த்தார். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினார். பதினேழு நாலு என்று மனதுக்குள் தடுமாறி, பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் கூட்டிப்பார்த்து, அறுபத்தெட்டு என்று எழுதினார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. நர்ஸ் ஆச்சரியத்தில் இரண்டு தடவை உள்ளே எட்டிப்பார்த்தார். பத்தரை மணிக்கெல்லாம் நாற்பத்து மூன்று பேர். பத்து முப்பத்தைந்துக்கு டாக்டரம்மா எழுந்தார். செருப்பில்லாத காலோடு தாழ்வாரத்தில் நடந்து மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போனார். அங்கே நின்றவர்களில் தன்னிடம் வந்தவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டுபிடித்து, மறுபடியும் கையைப் பிடித்தார். பாக்கி முக்கால் நிமிடத்தை மட்டும் எண்ண முடியாதில்லையா? முதலிலிருந்து எண்ணினார்.

“என்னம்மா, எனக்கு ஏதாவது ஆயிடுச்சா” என்று ஒரு பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

“உனக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான்” என்றார் டாக்டரம்மா.

பதினெட்டுப் பேரைப் பிடித்தார். மற்றவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கும் நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் சோர்வாக்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. அன்றைய கணக்கு அறுபத்து மூன்று. வழக்கத்தைவிட ஏழு குறைவு.

இந்த ஒரு நிமிடத்தால் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால் அவரிடம் பெரிய பட்டியல் கிடையாது. ஒரு கொத்தனார் இருந்தார். முதுகு வலிக்கு வந்தவர். நாற்பதாவது வினாடி வரை கடிகாரம் மாதிரி அடித்த நாடி, பிறகு ஒரு துடிப்பை விழுங்கியது, கொஞ்சம் ஓடியது, மறுபடி விழுங்கியது. இதய மருத்துவரிடம் எழுதி அனுப்பினார். அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்தார் என்று கேள்விப்பட்டார். அதைப்போல ஆறு ஏழு பேர் இருக்கலாம். “லட்சத்துல ஒருத்தர் கிடைப்பாங்க. மீதிப் பேருக்கு நேரம் வீண்தான், ஒத்துக்கறேன்” என்பார். “ஆனா அந்த ஒருத்தர் எந்த வரிசையில நிக்கறார்னு எனக்குத் தெரியாதே.”

புதன், வியாழன் இரண்டு நாளும் பழையபடி எழுபது, எழுபத்தொன்று. வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. திங்கள் முதல் சான்றிதழ் அறை. படித்துவிட்டு, மடித்து, இழுப்பறையில் அந்த விரல் கவ்வும் கருவிக்கு மேலே போட்டார். நர்ஸ்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு, மேலிடத்துக்கு எழுதுவோம், நாலு பேர் கையெழுத்துப் போடுகிறோம் என்றெல்லாம் சொன்னார். எழுத வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விழுந்தவர் நெற்றியை நினைத்தால் எழுதக் கை வருமா என்று கேட்டார்.

சனிக்கிழமை எழுபத்திரண்டு பேர். கடைசி ஆள் போனதும் மேசைக்காலில் கட்டியிருந்த பேனாவை அவிழ்த்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். அது அவர் வாங்கி மாட்டியது. மருத்துவமனைக் கடிகாரத்துக்கு வினாடி முள் கிடையாது. தூசியைத் துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, பையில் வைத்து, பையின் வாயை மூடினார். சான்றிதழ் அறையில் அதற்கு என்ன வேலை? அடுக்களையில் மாட்டிக்கொள்ளலாம், முட்டை வேகவைக்க உதவும். செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்.

கதவைத் தட்டாமல் தலைமை மருத்துவர் உள்ளே வந்தார். உத்தரவைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டார். வந்தவர் எதிரில் இருந்த நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் கிடந்த, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். சற்று நேரம் வெறும் சுவரில் ஆணி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்கு” என்றார். “திடீர்னு ஒரு அடி தவறுற மாதிரி. இசிஜி எடுத்தாச்சு, அந்த நேரத்துல சரியாத்தான் இருக்கு. ரெண்டு பேர் பல்ஸ் பாத்துட்டாங்க. எழுபத்திரண்டுன்னாங்க.”

“எப்படி எண்ணினாங்க?”

“எப்படி எண்ணுவாங்க. நாங்கெல்லாம் எண்ணுற மாதிரிதான்.”

தலைமை மருத்துவர் கோட்டின் கையை முழங்கை வரை சுருட்டி, மேசைமேல் மணிக்கட்டை மல்லாத்தி வைத்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டிய அதே கை. இப்போது அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பையைக் கீழே வைத்தார். வாயைத் திறந்து, துண்டைப் பிரித்து, கடிகாரத்தை வெளியே எடுத்தார். தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து அதை மேசைமேல் நிறுத்தினார். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்துவிட்டு, சிவப்பு முள் பன்னிரண்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.