தூணில் கைகூப்பி நின்ற முப்பாட்டன்

யுத்தம் வந்து தறிக்கு நூல் கிடைக்காமல் திண்டாடியதற்குச் சில வருடங்கள் முன்பு, ராசிபுரத்துப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டுப் படியெடுக்க உத்தியோகஸ்தர் ஒருவர் வரப்போவதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கோயில் முன்மண்டபத்தில் தூணுக்குத் தூண் யாளி. அதன் வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே வராது. மேலே கவிழ்ந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாய்க் கிளிகள். இதெல்லாம் ஊருக்குப் பெருமை. எங்களுக்குப் பெருமை, தெற்கு வரிசைத் தூணில் கைகூப்பி நிற்கும் முழ உயர மனிதர். மண்டபம் கட்டிய எங்கள் முப்பாட்டன் அவர்தான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அந்த உரிமையில்தான் தேர் நோம்பித் திருவிழாவுக்குச் சாமிக்கு முதல் வேட்டி எங்கள் தறியிலிருந்து போகும். கட்டியது தங்கள் பாட்டன் என்று மேற்குத் தெரு நெசவுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். சிலையின் காலடியில் நான்கு வரி எழுத்து உண்டு. ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வருகிறவர் படிக்கட்டும், யார் பாட்டன் பெயர் இருக்கிறதோ அவர்கள் வேட்டி கொடுக்கட்டும் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார்.

அப்பா தறிக்குழியில் காலை விட்டபடி ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். "பேரு வேறயா இருந்துட்டா, தெருவுல எப்படிப் புள்ள நடக்கறது?" என்று அம்மாவிடம் நாளுக்குப் பத்துத் தரம் கேட்பார்.

"முப்பாட்டன் நம்மளக் கை உட்டுருவாருங்களா?" என்பாள் அம்மா.

அமாவாசைக்கு அமாவாசை அந்தச் சிலையைத் தேய்த்துக் கழுவி எண்ணெய் பூசுவது எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை. உத்தியோகஸ்தர் வருவதற்கு முதல் நாள், அம்மாவும் பதினொரு வயதான நானும் செங்கல்பொடியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு போனோம். "மொத வரியிலதான் பேரு இருக்குதும்பாங்க. அங்க நல்லாத் தேயி, கண்ணு" என்றாள். கை எரிய எரியத் தேய்த்தேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி மை ஒற்றினார். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழும்பின. ஊரே சுற்றி நின்றது. அப்பாவின் விரல்கள் என் தோளை இறுக்கின. வலித்தது.

"இந்த மண்டபம் கட்டுவித்தவர்..." என்று படித்தவர் நிறுத்தினார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பேர் இருந்த இடம் மட்டும் வழவழன்னு இருக்கு. வருஷக்கணக்காத் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்தே போயிடுச்சு. யார் தேய்க்கிறது இதை?"

மேற்குத் தெருப் பெரியவர் சிரித்தார். "தங்களோட பாட்டன் பேரு இல்லீன்னு தெரிஞ்சுதானுங்க தேச்சு எடுத்துட்டாங்க!"

அப்பா சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத் தெரியோணும்னுதானுங்க தேச்சோம்!" என்று கத்தி அழுதேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பெயரில்லாத கல்லை வைத்து யாருக்கும் உரிமை சொல்ல முடியாது என்று தர்மகர்த்தா கையை விரித்துவிட்டார். தேரன்று எங்கள் தெருக்காரர்களும் மேற்குத் தெருக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வடம் பிடித்தார்கள். முந்நூறு தறி ஓடுகிற ஊரில், சாமி அந்த வருடம் சேலத்துக் கடையில் வாங்கிய மில் வேட்டி கட்டித் தேரேறினார்.