மஞ்சள் படிந்த நாக்கு

நோபல் பார்க்கில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரிதான் என்னை அந்தச் சீன வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மருந்து வேண்டாம், சுகமில்லை என்ற கடிதம்தான் வேண்டும். மறுநாள் நேர்சிங் செய்முறைப் பரீட்சை. காய்ச்சலோடு உள்ளே விடமாட்டார்கள். கடிதமில்லாமல் போகாமல் விட்டால் ஃபெயில். வழக்கமான டொக்டரிடம் இரண்டு நாளைக்கு இடமில்லை. பதிவுபெற்ற சீன வைத்தியரின் கடிதமும் எங்கள் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று கண்டுபிடித்தவர் அன்ரி. அதைக் காரில் மூன்று தடவை சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வேரை அவித்துக் குடிக்கவா இவ்வளவு தூரம் வந்து படிக்கிறேன்?

வைத்தியர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் இருந்தார். குளிருகிறதா, வியர்க்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குளிர்ந்தது, வியர்க்கவில்லை. குளிர்காற்று உடம்புக்குள் புகுந்துவிட்டது, இஞ்சியும் கறுவாக் குச்சியும் கொடுத்து வியர்க்கவைத்து வெளியேற்ற வேண்டும் என்றார்.

"நாங்கள் அதை வைரஸ் என்போம்" என்றேன்.

"நாக்கை நீட்டுங்கள்."

நீட்டினேன். அவர் புருவம் சுருங்கியது. "மஞ்சளாக இருக்கிறதே. மஞ்சள் என்றால் சூடு. அதற்கு நேரெதிர் மருந்து. ஏதாவது குடித்தீர்களா?"

"இல்லை."

பேனாவை மூடினார். "நாடி ஒன்று சொல்கிறது, நாக்கு ஒன்று சொல்கிறது. எது சரியென்று தெரியாமல் நான் மருந்தும் எழுதமாட்டேன், கடிதமும் எழுதமாட்டேன்."

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல்நாள் அவர் நீட்டிய மஞ்சள் பாலை, ஆதாரமில்லாத வைத்தியம் என்று தள்ளிவிட்டவள் நான்.

"காலமை குசினியிலை மஞ்சள் போத்தல் திறந்து கிடந்தது. நான் பூனையெண்டு நினைச்சன்" என்றார். "எங்கடை வீட்டிலை பூனை இல்லையே, பிள்ளை."

எனக்குக் கடிதம் வேண்டியிருந்தது.

"குடித்தேன். இரண்டு கப்" என்றேன் வைத்தியரிடம். அவரிடம் மட்டும்.

ஈரத் துணியால் நாக்கைத் துடைக்கச் சொன்னார். துணி மஞ்சளானது, நாக்கு வெளிறியது. நாடிதான் சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்று நாள் ஓய்வு என்று கடிதம் எழுதி, ஒரு மருந்துப் பொட்டலமும் கொடுத்தார்.

பொட்டலத்தை அன்ரி அவித்தார். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. காய்ச்சல் ஐந்தாம் நாள் தன்பாட்டில் போனது. மருந்தால் போனது என்று அன்ரி வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார், பூனைக் கதையோடு.

பரீட்சையைப் பிறகு செய்து பாஸ் பண்ணினேன். அந்தக் கிழமையே வீடு மாறினேன். போகும்போது மஞ்சள் போத்தல் மூடியை இறுக்கிவிட்டுத்தான் போனேன்.