அம்மாவுக்குக் கல்லறை இல்லையாம்

மலேசியாவில் கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பாவாடை வயதிலேயே ரப்பர் மரம் சீவப் போனவள் மார்த்தா. இப்போது சிரம்பானில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டுக் கழுவுகிறாள். தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, ஆட்களை விரட்டி வருஷக்கணக்காகிறது. ஆனாலும் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் மண்வெட்டியும் மெழுகுவர்த்தியுமாக அவள் அங்கே வந்துவிடுவாள். அம்மா தாயம்மா அங்கேதான் கிடக்கிறாள்.

இந்த வருஷம் வழியை மறித்துத் தகர வேலி. உள்ளே புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. வீடு கட்டப்போகிறார்களாம்.

வேலி இடுக்கில் அவள் உள்ளே நுழைந்ததும் மேற்பார்வையாளன் முகுந்தன் ஓடிவந்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் பேரன்.

"ஆண்ட்டி, இங்க ஒரே ஒரு கல்லறதான் லா. அந்தா, வெள்ளக்காரத் தொரையோடது. அதத் தொட மாட்டாங்க. வரலாறாம். சுத்தி பூங்கா வெக்கப் போறாங்க."

மார்த்தா திரும்பிப் பார்த்தாள். சலவைக்கல், புது இரும்பு வேலி, 'இந்த மண்ணை உருவாக்கியவர்' என்று ஒரு பளபளப்பான பலகை.

"அப்ப இதெல்லாம் என்னடா?"

புல்லுக்குள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன மங்குகள், ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகள். மரச் சிலுவையைக் கரையான் தின்றுவிடும். கல் வாங்க வக்கிருந்ததில்லை. அதனால் செத்தவர் கடைசியாகச் சீவிய மரத்து மங்குவை எடுத்துவந்து தலைமாட்டில் கவிழ்த்துப் பதிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம்.

"குப்பைன்னு நெனச்சிட்டாங்க ஆண்ட்டி."

மார்த்தாவுக்கு உச்சிவரை எரிந்தது.

"குப்பையா? ஆள கப்பல்ல அள்ளிட்டு வந்தது தொர. காட்ட வெட்டுனது என் தாத்தன். பாம்பு கடிச்சி ஒருத்தன் செத்தா தொர இன்னொருத்தன எறக்குனான். கொடி மாறுச்சி, தோட்டம் கை மாறுச்சி, லயம் மாறல. நமக்கு மட்டும் 'வந்தேறி'ன்னு பேரு. இன்னிக்கி அவன் வரலாறு, எங்கம்மா குப்ப!"

"எங்கிட்ட ஏன் கத்துறீங்க? மேலிடத்துல சொல்றாங்க, நான் என்னா செய்ய?"

"லயத்த இடிச்சப்ப ஒன் தாத்தனும் இதத்தான் சொன்னாரு."

புல்டோசர் நகர்ந்தது. மார்த்தா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். ஓட்டியவன் முப்பது வயது பங்களாதேஷ்காரன்.

"எங்கிருந்தோ வந்தவனுக்கு இங்க என்னடா வேல? பாலேக் லா! ஒன் ஊருக்கே போடா!"

சொன்ன வாய் கூசியது. தம்பின் ஊர்ப் பசாரில், மீன் விலை கேட்டதற்கு ஒருத்தன் அவளைப் பார்த்துக் கத்தியதும் இதே பேச்சுத்தான். அவன் மலாயில் கத்தினான், அவ்வளவுதான் வித்தியாசம்.

புல்டோசர்க்காரன் விழித்தான். அவள் குரலைத் தணித்து, கவிழ்ந்த மங்குவைக் காட்டினாள். "குபோர். எங்கம்மா குபோர்."

கல்லறை என்றதும் அவன் சாவியைத் திருகினான். எஞ்சின் அடங்கியது. இறங்கி, காலணியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான்.

"டேய், ஏறுடா! வேல பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன்!" முகுந்தன் கத்தினான்.

"அனுப்பு. இன்னொருத்தன எறக்கு. தொர கத்துக் குடுத்த வேலதானே?" மார்த்தா அம்மாவின் தலைமாட்டில் குந்திக்கொண்டாள். "நான் எந்திரிக்கப் போறதில்ல. ஒன் மேலிடத்த இங்க வரச் சொல்லு. வரும்போது இவன மாதிரி செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு."

பிறகு மண்வெட்டியை எடுத்து, மங்குவைச் சுற்றிப் புல்லைக் கொத்தத் தொடங்கினாள்.